மழையை அளந்தவரும் மழையில் நின்றவரும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். மனித வாழ்வு எந்த மண்ணில், எந்தக் காலத்தில் நடைபெறுகின்றது என்பதை முதலில் அறிந்துகொண்டே அவ்வாழ்வின் பொருளை ஆராய வேண்டும் என்ற உண்மை அவ்விலக்கணத்தின் அடிநாதமாக இருக்கின்றது. வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும்பொழுது மாணவர் பெரும்பொழுது ஆறினையும் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஒரு நாள், கார் என்பது ஆவணியும் புரட்டாதியும் என்று நான் கூறியபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் ஊரிலே மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அல்லவா பெய்கின்றது?" என்று வினவினான். இலக்கணத்தில் பிழையில்லை; மாணவன் கூற்றிலும் பிழையில்லை. பொழுது என்பது நிலத்துக்கு நிலம் வேறுபடுவது. அதனை ஏட்டிலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. அந்தந்த மண்ணில் நின்று அளந்தும், அளந்ததை எழுதிவைத்தும், எழுதியதை ஆண்டுதோறும் ஒப்பிட்டுமே அறிதல் வேண்டும்.

மாணவன் கேட்ட இவ்வினா இன்று ஒரு தேசத்தின் வாழ்வுப் பிரச்சினையாகிவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட காலத்தோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 பாகை செல்சியசு உயர்ந்துவிட்டது. வெப்பம் ஒரு பாகை கூடினால் வளிமண்டலம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. எனவே பெய்யும் மழை முன்னிலும் உக்கிரமாகப் பெய்கின்றது. பெய்யாத இடைவெளி முன்னிலும் கொடிதாகின்றது. குளக்கட்டை எவ்வளவு உயர்த்துவது, எந்த நெல்லை எப்பொழுது விதைப்பது, எந்த மலைச்சரிவில் மனிதர் குடியிருக்கலாம், எதில் இருக்கலாகாது என்னும் வினாக்களுக்கெல்லாம் பாட்டன் காலத்து அனுபவம் மாத்திரம் இனிப் போதாது. இதனாலேயே 2009இல் ஜெனீவாவிற் கூடிய மூன்றாவது உலகக் காலநிலை மாநாடு, காலநிலைத் தகவலை மக்களுக்குரிய சேவையாக அமைத்தற்கு ஓர் உலகளாவிய ஏற்பாட்டினை வகுத்தது. இலங்கையும் 2016 முதல் 2025 வரையான காலத்துக்குத் தேசிய இசைவாக்கத் திட்டமொன்றை வெளியிட்டது.

தரவுகளைத் திரட்டுக, ஆராய்க, பரப்புக என்பதே இத்தகைய திட்டங்கள் யாவும் கூறும் அறிவுரை. இது நல்லதே. ஆயினும் வரலாற்று மாணவன் இவ்விடத்தில் ஒரு கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவன். மழையை இதுவரை அளந்தவர் யார்? யாருக்காக அளந்தனர்? அளந்த கணக்கு யாருடைய கையிற் சென்று சேர்ந்தது?

மழைமானி பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்திற் காணப்படுகின்றது. மழையின் அளவை அறிய ஒரு பாத்திரத்தை அமைக்குமாறு அந்நூல் விதிக்கின்றது; எந்தெந்த நாட்டில் எத்தனை துரோணம் மழை பெய்யும் என்பதையும் வரையறுக்கின்றது. அப்பாத்திரம் வைக்கப்படும் இடம் நம் கவனத்துக்குரியது. அஃது உழவனின் வயலன்று, அரசனின் களஞ்சியம். விளைச்சல் எவ்வளவு, அதில் அரசிறை எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணிப்பதற்கு மழையின் கணக்கு வேண்டியிருந்தது. வானத்திலிருந்து விழுந்த துளி மண்ணை அடையுமுன்னரே வரியாக எண்ணப்பட்டது எனலாம்.

நவீன காலத்திலும் நிலைமை அடிப்படையில் மாறவில்லை. 1864 ஒக்டோபரிற் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் சுமார் 60,000 பேர் மாண்டனர். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல சிதைந்தன. அடுத்த ஆண்டிலேயே அத்துறைமுகத்துக்குப் புயலெச்சரிக்கை ஏற்பாடு தோன்றியது. 1866இல் ஒரிசாவில் மழை பொய்த்ததன்பின் ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் மக்கள் இறந்தனர். பஞ்சம் முற்றும்வரை அதன் பருமனை ஆட்சியாளர் உணரவில்லை. கப்பலுக்கு நேர்ந்த அழிவும், நிலவரிக்கு நேர்ந்த இழப்பும், ஆட்சிக்கு நேர்ந்த அவப்பெயரும் ஒன்றுசேர்ந்தே 1875இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களத்தைத் தோற்றுவித்தன. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட். அவர் சிறந்த விஞ்ஞானி. நாடெங்கும் சிதறிக்கிடந்த அவதானங்களை ஓர் ஒழுங்கிற்குக் கொணர்ந்த பெருமை அவருக்குரியது. இதனை மறுப்பார் எவருமிலர்.

ஆனால் அத்திணைக்களம் பிறந்த மறு ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளைப் பஞ்சம் சூறையாடியது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழை குறைந்தது என்ற செய்தி அரசாங்கத்துக்குத் தெரியாததன்று. மழைமானிகள் அதனைத் தெளிவாகவே சொல்லின. எனினும் 1877 சனவரி முதல் நாள் லிட்டன் பிரபு தில்லியிலே விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யும் விழா நடத்தினார். கோதுமை இங்கிலாந்துக்குத் தொடர்ந்து கப்பலேறியது. நிவாரண வேலைத் தலங்களிற் கல்லுடைத்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று றிச்சட் தெம்பிள் வரையறுத்தார். இக்கொடுமைகளைப் பதிவுசெய்தவர்களுள் வில்லியம் டிக்பி முக்கியமானவர். அவர் கொழும்பில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையிற் பணிபுரிந்து, பின் சென்னைக்குச் சென்று 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியரானவர். தென்னிந்தியப் பஞ்சம் பற்றி 1878இல் அவர் வெளியிட்ட நூல், பஞ்சம் வானத்தின் செயல் மாத்திரமன்று என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.

இப்பஞ்சம் இலங்கையின் வரலாற்றிலும் ஓர் அத்தியாயமாகும். கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வருவது அதற்கு முன்னரே தொடங்கிய வழக்கமாயினும், பஞ்ச ஆண்டுகளில் வந்தோர் தொகை பெருகியது. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்த அம்மக்களுட் பலர் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தனர். மழை பொய்த்த மண்ணிலிருந்து மழை மிகுந்த மலைக்கு வந்தவர்கள் அவர்கள். நாட்டின் வறண்ட கரைகளில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றரிலும் குறைவாக மழை பெய்ய, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே 5,000 மில்லிமீற்றருக்கு மேற் பெய்கின்றது. ஒரு துளிக்கு ஏங்கியவர்களின் சந்ததி அம்மழையிலேயே நனைந்து கொழுந்தெடுக்க விதிக்கப்பட்டது.

மீண்டும் விஞ்ஞானத்தின் கதைக்கு வருவோம். பஞ்சம் எழுப்பிய கேள்வி, பருவமழையை முன்னறிந்து கூற இயலுமா என்பதே. இமயத்தின் பனி மிகுந்த ஆண்டில் மழை குறையும் என்ற தொடர்பினைப் பிளான்போர்ட் கண்டார். 1886இல் முறையான பருவ முன்னறிவித்தல் தொடங்கியது. அவருக்குப்பின் வந்த ஜோன் எலியட் 1899ஆம் ஆண்டுக்கு நல்ல மழையை எதிர்பார்த்து அறிவித்தார். அவ்வாண்டிலேயே மழை பெருமளவு பொய்த்தது. இன்னொரு பெரும் பஞ்சம் விளைந்தது. 1904இற் பதவியேற்ற கில்பேட் வாக்கர் கணிதத்தில் வல்லவர். உலகெங்குமுள்ள நிலையங்களின் வளியமுக்கம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி ஆராய்ந்த அவர், பசுபிக் சமுத்திரத்தில் அமுக்கம் ஏற இந்து சமுத்திரத்தில் இறங்கும், அங்கு இறங்க இங்கு ஏறும் என்ற ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். 'தென்னலைவு' எனப்படும் இவ்வுண்மையை 1969இல் ஜேக்கப் பியெர்க்னெஸ், பசுபிக் கடல்நீர் வெப்பமுறும் எல் நினோ நிகழ்ச்சியோடு இணைத்து விளக்கினார். இன்று இலங்கை விவசாயிக்கு அடுத்த பருவம் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு கூற்றின் அடியிலும் இவ்வாராய்ச்சி கிடக்கின்றது. பஞ்சத்தில் மாண்ட மக்களின் துயரம் இவ்வறிவைத் தேடத் தூண்டியது. அறிவு முதிர முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இலங்கையில் மழைக் கணக்கு வளர்ந்த வழி இதனின்றும் சற்று வேறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நில அளவைத் திணைக்களம் இப்பணியை ஏற்றிருந்தது. 1907இற் கொழும்பு அவதான நிலையம் நிறுவப்பட்டது. கோப்பியை 1869 முதற் பீடித்த இலைநோயை ஆராய ஹறி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1880இல் அழைக்கப்பட்டார். கோப்பி வீழத் தேயிலை எழுந்தது. தேயிலைக்கு மழையின் கணக்கு இன்றியமையாதது. எப்பொழுது உரமிடுவது, எப்பொழுது கவ்வாத்து வெட்டுவது, எந்த மாதத்திற் கொழுந்து பெருகும் என்பனவெல்லாம் அதனைச் சார்ந்தவை. ஆகவே தொழிற்சாலைக்கோ துரையின் காரியாலயத்துக்கோ அருகில் மழைமானிகள் நாட்டப்பட்டன. காலைதோறும் அளவு குறிக்கப்பட்டது. கணக்கு கொழும்புக்குச் சென்றது. நம் மலைநாட்டின் நீண்ட மழைப் பதிவுகளுட் பல இவ்வாறு தோட்டங்களிற் பிறந்தவையே. இன்றைய ஆய்வாளர் அவற்றைப் பொக்கிஷமாகப் போற்றுவது நியாயமே.

ஆனால் அதே மழை இன்னொரு கணக்கிலும் பதிந்தது. பிரட்டுக்களத்தில் நின்ற பெண் கொழுந்துக் கூடையோடு மலையேறுகின்றாள். நண்பகலுக்கு முன் மழை கொட்டி வேலை நின்றால் அவளுக்கு அரைப்பெயர். காரியாலயத்து ஏட்டில் மழை அங்குலமாகப் பதிய, அவளுடைய சம்பளத்தில் அது குறைந்த காசாகப் பதிந்தது. அவள் லயத்துக்கு மேலே நின்ற மலைச்சரிவு எத்தனை அங்குல மழையைத் தாங்கும் என்று அளந்தறிய வேண்டிய தேவை அந்நாளைய தோட்டத்துக்கு இருக்கவில்லை. அளக்கப்பட்டது தேயிலைக்குரிய மழை. மனிதருக்குரிய மழை அளக்கப்படவில்லை.

1948ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு விசித்திரமான ஆண்டாகும். நாடு சுதந்திரமடைந்தது. கொழும்பு அவதான நிலையத்தின் வாரிசாக வளிமண்டலவியல் திணைக்களம் உருவாகியது. மழைக்கு ஒரு தேசிய அலுவலகம் கிடைத்தது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், அம்மழையில் நின்று உழைத்த மலையகத் தமிழ் மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மழை தேசத்தின் உடைமையாயிற்று. மழையில் நனைந்தவர் தேசத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நாடற்ற நிலையைத் தீர்க்கும் இறுதிச் சட்டம் 2003இலேயே வந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அரசாங்கத்தின் வீடு, காணி, பாதுகாப்புத் திட்டங்களில் அம்மக்களுக்கு உரிய இடம் கிட்டாது போயிற்று. 'தேசியத் தகவல்' என்னும் தொடரை நாம் உச்சரிக்கும்பொழுது இவ்வரலாற்றை மறத்தல் தகாது.

தகவல் அறுந்துபோன இடங்களும் உள. ஓரிடத்தின் காலநிலையை வரையறுக்க முப்பது ஆண்டுத் தொடர்பதிவு வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கொண்ட மரபு. 1983இன் பின்னரான போர்க்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் பல நிலையங்களின் பதிவுகள் இடையிடையே நின்றன. குண்டு விழும் ஊரில் மழைமானியை யார் பார்ப்பது? வெற்றாகக் கிடக்கும் அப்பத்திகளை நோக்கும் ஆய்வாளன் அவற்றைக் கணிதத்தால் நிரப்ப முயல்கின்றான். நமக்கோ அவை இடம்பெயர்ந்த மக்களின் வரலாறாகத் தோன்றுகின்றன.

தகவல் இல்லாமை ஒரு துயரமெனின், தகவல் இருந்தும் பயன்படாமை அதனினும் பெருந் துயரமாகும். பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர். அவர்கள் திரும்பியபொழுது வீடு நின்ற இடத்தில் மண் நின்றது. அம்மண் அபாயமானது என்பது தெரியாத செய்தியா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்து, மக்களை அங்கிருந்து அகற்றுமாறு கூறியிருந்தது. அளந்தாயிற்று, ஆராய்ந்தாயிற்று, அறிவித்தாயிற்று. ஆனால் எங்கே செல்வது? லயத்து அறை தொழிலாளியின் சொத்தன்று. மாற்றுக் காணி கையில் இல்லை. தோட்டத்தை விட்டால் வேலை இல்லை. போவதற்கு இடமில்லாதவனிடம் போய்விடு என்று கூறுவது எச்சரிக்கையாகுமா? அது பொறுப்பினைக் கழித்துக்கொள்ளும் கடிதமாகவே முடியும்.

இத்துயரத்தினின்றும் நாடு சிலவற்றைக் கற்றுக்கொண்டமையையும் கூறவேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு, 100 பெய்தால் ஆயத்தமாகு, 150 பெய்தால் வெளியேறு என மண்சரிவுக்குரிய எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. அபாயமுள்ள சில ஊர்களில் எளிய மழைமானிகள் மக்களின் கையிலேயே கொடுக்கப்பட்டன. துரையின் காரியாலயத்துப் பக்கத்தில் நின்ற கருவி லயத்து முற்றத்துக்கு வருவது சிறு நிகழ்ச்சியன்று. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது, மலைநாட்டின் சரிவுகள் மீண்டும் பல குடும்பங்களை விழுங்கின. கருவி வந்த அளவுக்குக் காணி வரவில்லை.

இது விதியெனக் கொள்வாருக்கு வங்காள தேசத்தின் அனுபவம் விடை கூறும். 1970 நவம்பரில் போலாச் சூறாவளி அக்கரையைத் தாக்கியபொழுது குறைந்தது 3 இலட்சம் மக்கள் மடிந்தனர். செய்மதி அப்புயலைக் கண்டிருந்தது. கண்ட செய்தி தாழ்ந்த தீவுகளிற் கிடந்த ஏழை உழவரையும் மீனவரையும் சரிவரச் சென்றடையவில்லை. சுதந்திரத்தின் பின் 1972இல் அங்கே சூறாவளி ஆயத்தத் திட்டம் உருவாகியது. ஊரார் தொண்டர்களாயினர், கொடியேற்றியும் ஒலிபெருக்கியில் அழைத்தும் வீடு வீடாகச் சென்றனர். பின்னர் உயர்ந்த தூண்களின்மேற் புகலிடங்கள் எழுந்தன. 2007இல் சித்ர் என்ற கொடிய சூறாவளி வந்தபொழுது இறந்தோர் தொகை சுமார் 3,400. ஓர் உயிரும் போகாதிருத்தலே நம் வேட்கையெனினும், மூன்று இலட்சத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் செய்தது செய்மதி மாத்திரமன்று. அயலவன் வாயிலிருந்து அவன் மொழியில் வந்த சொல்லும், ஓடிச் சென்று ஏற ஒரு கட்டிடமுமே அதனைச் செய்தன.

நம் நாட்டு மரபிலும் இத்தகைய பாடமுண்டு. வறண்ட வலயத்துக் குளங்களை நோக்குக. மழை குறைந்து குளம் நிரம்பாத ஆண்டில் எல்லா வயலுக்கும் நீர் பாயாது. அப்பொழுது குளக்கட்டை அடுத்த வயல்களை மாத்திரம் அப்போகத்துக்கு எடுத்து, பங்காளர் யாவருக்கும் அவரவர் உரித்தின் விகிதப்படி பகிர்ந்து விதைக்கும் முறை ஒன்றுண்டு. சிங்கள விவசாயிகள் இதனைப் 'பெத்ம' என வழங்குவர். இங்கே காலநிலைத் தகவல் யாது? குளத்தின் நீர்மட்டம். அதனை யாவரும் காண்பர். எங்கே முடிவு செய்யப்படுகின்றது? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், யாவரும் அறியும் மொழியில். முடிவை நிறைவேற்ற வழி யாது? ஒருவன் நிலத்தில் மற்றவனுக்கும் ஒரு போகம் இடங்கொடுக்கும் ஒப்பந்தம். தகவலும், கூடி முடிவெடுத்தலும், நிலப் பகிர்வும் ஒன்றாய் இணைந்தமையாலேயே பஞ்ச ஆண்டையும் ஊர் கடந்தது. இம்மரபிலும் நிலமற்ற கூலிக்குப் பங்கில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. பழமையைப் போற்றுவது அதன் குறையையும் போற்றுவதாகாது.

எனவே காலநிலைத் தகவல் என்பது வெறும் இலக்கங்களின் தொகுதியன்று. அது முழுமை பெற மூன்று நிபந்தனைகள் உள. முதலாவதாக, எல்லா மக்களும் வாழும் எல்லா இடங்களிலும் அளவை நடைபெற வேண்டும். வன்னிக் காட்டோரக் கிராமமும் தோட்டத்து லயமும் கொழும்புத் துறைமுகத்துக்குச் சமமாக எண்ணப்படல் வேண்டும். இரண்டாவதாக, அளந்ததன் பொருள் மக்களின் மொழியில், அவர்கள் செயற்படுதற்குரிய வேளையில் அவர்களை அடைதல் வேண்டும். நள்ளிரவிற் பெய்யும் மழைக்கு மறுநாட் பத்திரிகையில் வரும் எச்சரிக்கை இரங்கற் செய்தியேயாகும். மூன்றாவதாக, அறிந்தவன் அறிந்தவாறு செயற்படக் காணியும் வீடும் ஊதியப் பாதுகாப்பும் இருத்தல் வேண்டும். முதலிரண்டையும் விஞ்ஞானிகளும் அலுவலர்களும் செய்யலாம். மூன்றாவதை அரசியலே செய்ய வேண்டும். அரசியலைச் செய்விப்பவர் மக்களே. தோட்ட மக்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டம் அண்மைக் காலத்தில் தொடங்கியதெனினும், பெரும்பாலோர் பழைய லயங்களிலிருந்து இன்னும் விடுபடவில்லை. காலநிலைக்கு இசைவாதல் பற்றிய திட்டத்தின் முதற் பக்கத்தில் இருக்கவேண்டியது அந்த ஏழு பேர்ச் அல்லவா?

நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் என்று நம் முன்னோர் கூறினர்; ஒன்றைவிட்டு மற்றதைக் கூறினாரல்லர். இன்று செய்மதியும் கணினியும் பொழுதை நமக்கு நாள்தோறும் உரைக்கின்றன. நிலத்தைத்தான் எவரும் உரைக்கின்றிலர். மழையில் நின்றவனுக்குப் பொழுதை மாத்திரம் அறிவித்து நிலத்தை மறுக்கும்வரை, நம் கையிலிருப்பது பாதி அறிவே. அன்று வகுப்பில் எழுந்து நின்று தன் ஊர் மழையைப் பற்றிக் கேட்ட மாணவன் வளர்ந்து, "என் ஊருக்குரிய நிலம் எங்கே?" என்றும் கேட்பானாயின், அவனுக்கு விடைகூற ஆசிரியரும் அரசும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.